40-15ல இருந்து தோத்தா மனசு வீக்கா?

2019 ஜூலை 14 ராத்திரி. லார்ட்ஸ்ல இங்கிலாந்தும் நியூசிலாந்தும் உலகக் கோப்பை ஃபைனல் ஆடிட்டிருக்காங்க, அதே லண்டன்ல இன்னொரு மூலையில விம்பிள்டன் ஃபைனல் அஞ்சாவது செட்டுல நிக்குது, எங்க வீட்ல ரிமோட்டுக்குச் சண்டை, அண்ணன் கிரிக்கெட்டுக்கு மாத்துவான் நான் டென்னிஸுக்கு மாத்துவேன், அம்மா ரெண்டையும் அணைச்சுட்டுப் போய்த் தூங்குங்கடான்னு சத்தம் போடுறாங்க. நான் ரிமோட்டைப் பிடுங்கி மாத்தினப்ப ஸ்கோர் 8-7, 40-15, சர்வ் பண்றது ஃபெடரர். வயசு 37, அடுத்த மாசம் வந்தா 38. கையில ரெண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதாவது ரெண்டுல ஒண்ணை எடுத்தா கப் அவருக்கு. சரி முடிஞ்சுது, இனிமே அவன் கிரிக்கெட்டே பாக்கட்டும்னு நினைச்சேன்.

முதல் பாயிண்ட்ல ஃபெடரரோட ஃபோர்ஹேண்ட் வெளிய போச்சு. ரெண்டாவதுல அவர் நெட்டுக்கு ஏறி வந்தார், எதிர்ல ஆடின ஜோக்கோவிச் குறுக்கால ஒரு ஃபோர்ஹேண்டை விட்டு அவரைத் தாண்டி அனுப்பிட்டார். அப்புறம் 12-12 வரைக்கும் இழுத்து, செட்டை முடிச்சு வைக்க ஆடுற டை பிரேக்ல ஜோக்கோவிச் ஜெயிச்சார். மொத்தம் 4 மணி 57 நிமிஷம்.

மறுநாள் வாட்ஸப் குரூப்ல எல்லாம் ஒரே பேச்சு தான், ஜோக்கோவிச்சுக்கு இரும்பு மனசு, ஃபெடரர் டைட்டான நேரத்துல பதறிடுவார், அதான் கேரக்டர் வித்தியாசம். நானும் தலையாட்டினேன், அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. ஆனா அப்புறமா அந்த மேட்ச் கணக்கைப் பாத்தா ஒரு மாதிரி இருந்துச்சு. மொத்த பாயிண்ட்ல ஃபெடரர் 218, ஜோக்கோவிச் 204. ஏஸ், அதாவது எதிராளி தொடவே முடியாத சர்வ், 25க்கு 10. வின்னர், அதாவது எதிராளியால எட்ட முடியாத அடி, 94க்கு 54. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரமா இந்தக் கணக்குல எல்லாம் மேல இருந்தவரைத் தான் மனசு வீக்குன்னு சொல்லிட்டிருக்கோம், அதுவும் எதுக்கு, ரெண்டே ரெண்டு பாயிண்ட்டுக்கு. அந்த ஃபோர்ஹேண்ட் கோட்டுக்குள்ள விழுந்திருந்தா அன்னைக்கு ராத்திரியே நாம எழுதுற கட்டுரை வேற, 37 வயசுல சிங்கம்டான்னு தலைப்பு வச்சிருப்போம். மனுஷன் அதே மனுஷன் தான், மனசும் அதே மனசு தான்.

இதைத் தான் கொஞ்சம் விரிச்சுப் பேசலாம்னு தோணுது, ஏன்னா டென்னிஸ்ல "மென்டல் ஸ்ட்ரென்த்"ங்கற வார்த்தை அளவுக்கு அசால்ட்டா வீசப்படுற வார்த்தை வேற கிடையாது. ஜெயிச்சா இருக்கு, தோத்தா இல்ல. ஸ்கோர் போர்டைப் பாத்துட்டு பின்னாடி போய் ஆளோட ஜாதகத்தை எழுதுறோம்.

முதல்ல இந்த ஆட்டமே ஏன் மனசை இப்படிப் போட்டு வாட்டுதுன்னு பாக்கணும். கிரிக்கெட்ல டக் அவுட் ஆனா பெவிலியன் போய் உக்காந்துடலாம், மீதியை மத்த பத்து பேர் பாத்துப்பாங்க. ஃபுட்பால்ல நேரம் முடிஞ்சா விசில் ஊதிடுவாங்க, ஒரு கோல் முன்னாடி இருந்தா பந்தைச் சும்மா உருட்டிக்கிட்டே நேரத்தைக் கடத்தலாம். டென்னிஸ்ல ரெண்டும் முடியாது. மணி பாத்து முடியுற ஆட்டம் இல்ல, கடைசி பாயிண்டை நீயே போய் எடுக்கணும், எதிராளிக்கு ஒரு பாயிண்ட் மிச்சம் இருக்குற வரைக்கும் அவன் சாகல. பக்கத்துல பேச ஆள் கிடையாது. கோச் கேலரில இருந்து வாயைத் திறந்து சொல்லிக் கொடுக்கவே 2022 வரைக்கும் ஆண்கள் டூர்லயும் கிராண்ட் ஸ்லாம்னு சொல்ற நாலு பெரிய போட்டியிலயும் அனுமதி இல்ல.

இதுக்கு மேல பாயிண்ட்டுக்கும் பாயிண்ட்டுக்கும் நடுவுல 25 செகண்ட், சைடு மாறும்போது உக்காந்தா ஒன்றரை நிமிஷம். மூணு மணி நேர மேட்ச்ல பந்து பறந்துட்டிருக்குற நேரம் கொஞ்சம் தான், மீதி எல்லாம் நடக்குறது, துண்டுல முகம் துடைக்குறது, பந்தைத் தட்டிக்கிட்டு நிக்குறது. அந்த நேரத்துல தான் மண்டைக்குள்ள பேய் புகுந்துக்கும். இப்பத் தான அந்த ஈஸி ஷாட்டை விட்டேன், இந்த கேமும் போனா செட் போச்சு, செட் போனா எல்லாம் போச்சு, நாளைக்கு பேப்பர்ல என்ன எழுதுவான்.

பதட்டம் வந்தா உடம்புல என்ன ஆகும்ங்கறதையும் சொல்லணும். நம்ம டீக்கடை மாஸ்டரைப் பாருங்க, ஒரு கையை மேல தூக்கி இன்னொரு கையில கீழ டம்ளரைப் பிடிச்சு ஒரு முழ நீளத்துக்கு டீயை ஆத்துவார், பேசிக்கிட்டே ஆத்துவார், ஒரு சொட்டு சிந்தாது. அவர்கிட்ட போய் "அண்ணே மணிக்கட்டை எந்த இடத்துல திருப்புறீங்க"ன்னு கேளுங்க, யோசிச்சுக்கிட்டே ஆத்துவார், சிந்திடும். பல வருஷமா கை தானா செஞ்ச வேலைய மூளை நான் பாத்துக்கறேன்னு வாங்கிக்கிட்டா வர்ற கோளாறு இது. டென்னிஸ்ல இது அதிகமா மாட்டுறது சர்வ்ல தான், ஏன்னா மத்த எல்லா அடியும் எதிராளி அனுப்புற பந்துக்கு பதில், யோசிக்க நேரம் இருக்காது, சர்வ் மட்டும் நீயே பந்தைத் தூக்கிப் போட்டு நீயே அடிக்கணும். பந்தைப் பிடிச்சிருக்குற விரல் கொஞ்சம் இறுகினா போதும், டாஸ் அரை அடி தள்ளிப் போகும், காலு தரையில ஒட்டிக்கும், தோள் முழுசா சுத்தாது, பந்து நெட்டுல.

1993 விம்பிள்டன் பெண்கள் ஃபைனல்ல யானா நோவோட்னாவுக்கு நடந்தது இதுக்கு பாடம் மாதிரி. ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிரா மூணாவது செட்ல 4-1, நோவோட்னா சர்வ், 40-30. இந்தப் பாயிண்ட் வந்தா 5-1. டபுள் ஃபால்ட், ரெண்டு சர்வும் தப்பாப் போய் பாயிண்ட் கிராஃபுக்கு. அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு கேம் கூட வரல, கிராஃப் வரிசையா அஞ்சு கேம் எடுத்து 6-4ன்னு முடிச்சுட்டாங்க. பரிசு வாங்கப் போனப்ப பிரிட்டிஷ் அரச குடும்பத்து கென்ட் டச்சஸ் தோள்ல சாஞ்சு அழுத போட்டோ உலகம் பூரா போச்சு. அன்னையில இருந்து அவங்க பேரே பதறுறதுக்கு இன்னொரு பேர் மாதிரி ஆயிடுச்சு. 1997ல திரும்ப ஃபைனல் வந்தாங்க, ஹிங்கிஸ்கிட்ட தோத்தாங்க. 1998ல மூணாவது தடவை வந்து ஜெயிச்சே ஜெயிச்சாங்க. அஞ்சு வருஷமா டிவிக்காரன் அந்த அழுகைய திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுறான், அதே சென்டர் கோர்ட், அதே புல்லு, அங்க போய் மறுபடி சர்வ் போடணும். எனக்கு என்னவோ 1993ல கிராஃப் காட்டின உறுதிய விட நோவோட்னா 1998ல அந்த வாசல்ல திரும்ப வந்து நின்னது பெருசாத் தெரியுது. 2017ல கேன்சர்ல இறந்துட்டாங்க, 49 வயசு தான்.

ஆனா எல்லா சொதப்பலும் மனசு சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சுடக் கூடாது, அரினா சபலென்காவோட சர்வ் கதை அதுக்குத் தான். 2022 ஆரம்பத்துல அடிலெய்டுல ஒரே மேட்ச்ல 18 டபுள் ஃபால்ட், அடுத்த போட்டியில 21, ஒரு கட்டத்துல வேற வழியில்லாம சர்வைக் கீழ இருந்து தட்டி விட்டாங்க, உலகத்துல ரெண்டாவது ரேங்க்ல இருந்த ஆளு. பாத்தவங்க எல்லாரும் மென்டல் மென்டல்னு தான் சொன்னாங்க, அவங்களும் அப்படித் தான் நம்பினாங்க, சைக்காலஜிஸ்ட் கூட வேலை பாத்துட்டிருந்தாங்க. கடைசில உதவினது பயோமெக்கானிக்ஸ், அதாவது உடம்பு அசையுற கணக்கு தெரிஞ்ச ஒரு கோச். கை எங்க போகுது உடம்பு எப்படித் திரும்புதுன்னு பிரிச்சுப் போட்டு சர்வைத் திரும்பக் கட்டினாங்க. 2023 ஆஸ்திரேலியன் ஓப்பனை ஜெயிச்சப்ப சைக்காலஜிஸ்டை நிறுத்திட்டேன், என் பிரச்சனைய நான் தான் பாத்துக்கணும்னு புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. இதுல இருந்து சைக்காலஜிஸ்ட் வேஸ்ட்னு எடுத்துக்கக் கூடாது, இகா ஷ்வியான்டெக் டாரியா அப்ரமோவிச்னு ஒரு சைக்காலஜிஸ்டைக் கூடவே ஊர் ஊரா கூட்டிட்டுப் போய்த் தான் அத்தனை கிராண்ட் ஸ்லாமும் அடிச்சிருக்காங்க. விஷயம் என்னன்னா, வெளிய இருந்து பாக்குற நமக்கு கை நடுங்குறதும் டெக்னிக் உடைஞ்சிருக்குறதும் ஒரே மாதிரி தான் தெரியும்.

உடம்பு ஓய்ஞ்சு போறதும் அப்படித் தான். நம்ம சென்னைல நடந்ததே இருக்கு. 2008 ஜனவரி, நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், சென்னை ஓப்பன் செமி ஃபைனல், நடாலும் கார்லோஸ் மோயாவும். மூணு செட்டும் டை பிரேக், கிட்டத்தட்ட நாலு மணி நேரம், நடால் நாலு மேட்ச் பாயிண்டைக் காப்பாத்தி ஜெயிச்சார். மறுநாள் ஃபைனல்ல மிகைல் யூஷ்னிகிட்ட 6-0, 6-1ன்னு தோத்தார். ரெண்டாவது நாள் மட்டும் பாத்தவன் என்னப்பா இந்தப் பையன் போராடவே இல்லன்னு தான் சொல்லியிருப்பான், அவன்கிட்ட முந்தின நாள் ராத்திரிய எப்படி விளக்குறது, காலு நகரல அவ்ளோ தான். யூஷ்னியே கப்பை வாங்கிட்டு, ரஃபா இன்னைக்கு ஆடுற நிலைமையில இல்லங்கற மாதிரி தான் பேசினார்.

யூஷ்னின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, சொல்லிடறேன். அதே 2008ல, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மயாமில ஒரு பாயிண்டை விட்ட கடுப்புல ராக்கெட்டை எடுத்து தன் நெத்தியிலயே மூணு தடவை போட்டுக்கிட்டார், ரத்தம் மூக்கு வழியா வழிஞ்சு ஆள் வந்து கட்டுப் போட வேண்டியதாயிடுச்சு. அந்த மேட்சை அவர் தான் ஜெயிச்சார்! பின்னாடி தத்துவத்துல டாக்டரேட் வேற வாங்கினார். இந்த ஆளோட கேரக்டரை ஒரு வரில எழுதச் சொன்னா என்னன்னு எழுதுவீங்க?

ஜோக்கோவிச்சுக்கே வருவோம். அவரை இப்ப மனசு விஷயத்துல ஏதோ சித்தர் மாதிரி பேசறாங்க. ஆனா 2008, 2009 வாக்குல இவர் பேர் என்ன தெரியுமா, நடுவுல கழட்டிட்டு ஓடுற ஆளு. 2008 யூஎஸ் ஓப்பன்ல இவரோட காயங்களைப் பத்தி நிருபர்கள் கேட்டதுக்கு ஆண்டி ராடிக் முதுகு, இடுப்பு, பறவைக் காய்ச்சல், ஆந்த்ராக்ஸ், சார்ஸ்னு லிஸ்ட் போட்டு நக்கல் அடிச்சார். 2009 ஆஸ்திரேலியன் ஓப்பனுக்கு நடப்பு சாம்பியனா வந்து வெயில் தாங்காம அதே ராடிக்குக்கு எதிரா பாதியில விலகினார். 2010ல டாக்டர் ஒருத்தர் சொல்லி கோதுமை சாப்பாட்டை நிறுத்தினார், மூச்சு விடுறது தெம்பாச்சு, 2011 தொடக்கத்துல இருந்து தொடர்ந்து 41 மேட்ச் ஜெயிச்சார், அந்த வருஷம் மட்டும் மூணு கிராண்ட் ஸ்லாம். மன உறுதி ரொட்டிக் கடையில தொலைஞ்சு போயிருந்துச்சான்னு கேட்டா சிரிப்பா இருக்கும், சாப்பாடு மட்டுமே காரணம்னும் நான் சொல்ல வரல, ஆனா மூச்சு வாங்காதவனுக்குத் தைரியம் தானா வருதுங்கறது உண்மை தானே.

இவரைப் பத்தி எழுதுறவங்க எல்லாம் 1999ல பெல்கிரேடு மேல குண்டு விழுந்த கதையைச் சொல்லாம விடமாட்டாங்க. 78 நாள் நேட்டோ குண்டுவீச்சு, பதுங்கு அறையில ராத்திரி, பகல்ல பிராக்டிஸ், பன்னெண்டாவது பிறந்தநாளே அந்தச் சத்தத்துக்கு நடுவுல தான். நெஞ்சைத் தொடுற கதை தான், அவரும் அதை மறைக்குறது இல்ல. ஆனா அந்த 78 நாளும் பெல்கிரேடுல லட்சக்கணக்கான பசங்க இருந்தாங்க, கஷ்டம் ஆளை உருக்கி இரும்பாக்கும்னா ஊர் பூரா ஜோக்கோவிச்சா இருந்திருக்கணும். கஷ்டத்துல உடைஞ்சு போனவங்களைப் பத்தி யாரும் கட்டுரை எழுதறதில்ல, அதனால நமக்கு ஒரு பக்கக் கதை தான் கிடைக்குது.

அவரே சொல்றது வேற. இது பிறவியிலயே வந்த வரம் இல்ல, உழைச்சு வர்றதுன்னு பேட்டியில சொல்லியிருக்கார். எனக்கும் சந்தேகம் வரும், பயம் வரும், கோவம் வரும், அதுல எவ்ளோ நேரம் கிடக்குறேங்கறது தான் கணக்குன்னார். மூச்சை இழுத்து விடறதை ஒரு ஸ்ட்ரோக் மாதிரி பிராக்டிஸ் பண்றார். 2019 ஃபைனல் முடிஞ்சதும் இன்னொண்ணு சொன்னார், கூட்டம் "ரோஜர் ரோஜர்"னு கத்துறப்ப என் காதுல "நோவாக் நோவாக்"னு கேக்குற மாதிரி நானே நினைச்சுக்குவேன்னு. கேக்கச் சின்னப்புள்ளத்தனமா இருக்கு, ஆனா பதினஞ்சாயிரம் பேர் எதிராளி பேரைக் கத்துற இடத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க.

இவ்ளோ பண்ற ஆளு தான் 2020 யூஎஸ் ஓப்பன்ல கடுப்புல பின்னாடி தட்டின பந்து லைன் ஜட்ஜ் தொண்டையில பட்டு போட்டியில இருந்தே வெளியேத்தப்பட்டார், 2023 விம்பிள்டன் ஃபைனல்ல ராக்கெட்டை நெட் கம்பத்துல அடிச்சு உடைச்சார். நடாலோட ரூட் வேற, அவர் வாழ்க்கையில ராக்கெட்டே உடைச்சதில்ல, கோச்சா இருந்த அவர் அப்பாவோட சகோதரர் டோனி விடமாட்டார். பாட்டிலை ஸ்டிக்கர் கோர்ட்டைப் பாக்குற மாதிரி நேரா வைக்கணும், சர்வுக்கு முன்னாடி மூக்கு, காது, முடின்னு தொட்டு முடிக்கணும், கோட்டை மிதிக்காம தாண்டணும். பாக்குறவங்க மூடநம்பிக்கைன்னு சிரிச்சாங்க, அவர் அப்படி இல்லன்னார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் அந்த 25 செகண்டை நிரப்புற வேலை அது, கைக்கு ஒரு வேலை கொடுத்துட்டா பேய் புகுற ஓட்டை அடைபடும். ஷரபோவா ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் முன்னாடி கோர்ட்டுக்கு முதுகு காட்டி நின்னு ராக்கெட் நரம்பைப் பாத்துட்டிருப்பாங்களே, அதுவும் இதே வகை தான்.

ஃபெடரரும் பிறந்ததுல இருந்து பனிக்கட்டி இல்ல, சின்ன வயசுல அழுகையும் ராக்கெட் வீச்சும் தான். ஸ்வீடன்காரர் பியோர்ன் போர்கும் சின்னப் பையனா இருந்தப்ப ராக்கெட் வீசி கிளப்புல தண்டனை வாங்கினவர் தான், பின்னாடி தான் ஐஸ் மாதிரி அமைதியான ஆளுன்னு ஐஸ்போர்க்னு பேர் வந்துச்சு. 1980 விம்பிள்டன் ஃபைனல்ல மெக்கன்ரோகிட்ட நாலாவது செட்ல ஏழு சாம்பியன்ஷிப் பாயிண்ட்டைக் கோட்டை விட்டார், டை பிரேக் மட்டும் 18-16. அதுக்கப்புறம் அஞ்சாவது செட்டை 8-6ன்னு எடுத்தார். ஏழு பாயிண்ட்டை விட்டவரை யாரும் பதறுறவர்னு சொல்லல, ஏன்னா கடைசில கப் அவர் கையில இருந்துச்சு. ஃபெடரர் விட்டது ரெண்டு தான்.

அந்த ஃபெடரர் 2024 ஜூன்ல அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ் பட்டமளிப்புல பேசினப்ப ஒரு கணக்கு சொன்னார். மொத்தம் 1526 சிங்கிள்ஸ் மேட்ச் ஆடினேன், கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயிச்சேன், ஆனா பாயிண்ட்டுன்னு பாத்தா ஜெயிச்சது 54 சதவீதம் தான்னு. 20 கிராண்ட் ஸ்லாம் அடிச்ச ஆளு ஆடின பாயிண்ட்ல கிட்டத்தட்ட பாதிய தோத்திருக்கார். ரெண்டுல ஒண்ணு போகும்னு தெரிஞ்ச ஆட்டத்துல போனதை நினைச்சு உருகிட்டு நின்னா அடுத்ததும் போகும். நாம கல்லு மனசுன்னு சொல்றது பெரும்பாலும் நல்ல மறதி தான், அதுவும் 25 செகண்டுக்குள்ள மறக்கணும்.

அப்பக் கூட ஜெயிப்பேன்னு எந்த கேரண்டியும் கிடையாது. 2025 ஜூன் 8, பாரிஸ்ல பிரெஞ்ச் ஓப்பன் ஃபைனல், நாலாவது செட்ல அல்கராஸ் 3-5, 0-40ன்னு கிடக்கார், சின்னருக்கு வரிசையா மூணு சாம்பியன்ஷிப் பாயிண்ட். அல்கராஸ் மூணையும் காப்பாத்தி 5 மணி 29 நிமிஷம் ஆடி கப்பைத் தூக்கினார். மொத்த பாயிண்ட்ல சின்னர் 193, அல்கராஸ் 192. மறுபடியும் அதே பேச்சு, அல்கராஸுக்கு இருக்குற தில்லு சின்னருக்கு இல்ல, பெரிய மேட்ச்னா இப்படித் தான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் சரியா வராதுன்னு சின்னரே சொன்னார். சரியா 35 நாள் கழிச்சு விம்பிள்டன் ஃபைனல்ல அதே அல்கராஸ், முதல் செட்டை விட்டுட்டு அடுத்த மூணையும் 6-4, 6-4, 6-4ன்னு சின்னர் எடுத்தார். 35 நாள்ல மனுஷனுக்குப் புது கேரக்டர் முளைச்சிருக்குமா என்ன.

நவோமி ஒசாகா 2021ல பாரிஸ்ல பிரஸ் மீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லி 15,000 டாலர் ஃபைன் வாங்கி, அப்புறம் போட்டியில இருந்தே விலகி, 2018ல இருந்தே டிப்ரஷன்ல அவஸ்தைப்படுறேன்னு வெளிப்படையா எழுதினப்ப, இவ்ளோ வீக்கான பொண்ணான்னு கேட்டவங்க இருந்தாங்க. 2018 யூஎஸ் ஓப்பனுக்கு அப்புறம் அது வரைக்கும் அவங்க மூணு கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சிருந்தாங்க. மன நோயும் மேட்ச்ல காட்டுற உறுதியும் வேற வேற விஷயம், ஒரே ஆள்கிட்ட ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கலாம்.

அமெரிக்காவோட அமாண்டா அனிசிமோவாவைப் பாருங்க. 2019ல 17 வயசுல பிரெஞ்ச் ஓப்பன் செமி ஃபைனல், அதே வருஷம் அப்பா திடீர்னு இறந்துட்டார். 2023ல மனசு தாங்கலன்னு சொல்லி ஆட்டத்தை நிறுத்திட்டு வீட்ல உக்காந்து படம் வரைஞ்சுட்டிருந்தாங்க. திரும்ப வந்து 2025 விம்பிள்டன் செமில சபலென்காவையே சாய்ச்சு ஃபைனல் போனா, அங்க ஷ்வியான்டெக்கிட்ட 6-0, 6-0. 57 நிமிஷம். விம்பிள்டன் பெண்கள் ஃபைனல்ல அந்த மாதிரி ஸ்கோர் 1911க்கு அப்புறம் அன்னைக்குத் தான். அன்னைக்குக் காலைல தான் அம்மா ஃப்ளைட்ல வந்து இறங்கியிருந்தாங்க, மைக்கைப் பிடிச்சு அவங்களுக்கு நன்றி சொல்றப்ப அந்தப் பொண்ணு அழுததைப் பாக்க முடியல.

ரெண்டு மாசம் கூட ஆகல, யூஎஸ் ஓப்பன் குவார்ட்டர் ஃபைனல்ல திரும்ப ஷ்வியான்டெக். முந்தின நாள் ராத்திரி அனிசிமோவா என்ன பண்ணாங்கன்னா, அந்த 6-0, 6-0 வீடியோவைப் போட்டு உக்காந்து பாத்திருக்காங்க, எங்க தப்பு, எதைத் திரும்பப் பண்ணக் கூடாதுன்னு. நானா இருந்தா அந்த வீடியோ இருக்குற யூடியூபையே போன்ல இருந்து தூக்கியிருப்பேன். மறுநாள் 6-4, 6-3, ஷ்வியான்டெக் காலி.

ஃபைனல்ல எதிர்ல சபலென்கா, மூணு வருஷத்துக்கு முன்னாடி சர்வே போட முடியாம நின்ன அதே ஆளு, அந்த வருஷம் ஆஸ்திரேலியா, பாரிஸ் ரெண்டு ஃபைனலும் தோத்துட்டு வந்திருக்காங்க. முதல் செட் அவங்களுக்கு, ரெண்டாவதுல 5-4, மேட்ச்சை முடிக்க சர்வ், 30-30. தலைக்கு மேல ஈஸியா ஒரு பந்து வந்துச்சு, ஸ்மாஷ் அடிச்சா மேட்ச் பாயிண்ட். நெட்டுல அடிச்சாங்க. அந்த கேமும் போச்சு, 5-5. போச்சுடா, திரும்ப ஆரம்பிச்சுடுச்சுன்னு நான் அண்ணனுக்கு மெசேஜ் டைப் பண்ணிட்டிருந்தேன். டை பிரேக் 7-3, சபலென்கா. மெசேஜை அழிச்சுட்டேன்.